திரும்பவும் மை நேம் இஸ்

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடி ஏறுகிற காலம் நெருங்கினால் என் இன்பொக்ஸில் இந்தக் கேள்வியும் வந்துவிடும். "ரீச்சர், மூண்டு கிழமை ஊரில நிப்பன். கஷ்டப்பட்ட பிள்ளையளுக்கு இங்கிலிஷ் படிப்பிக்கலாமோ?" லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் என்று எல்லா இடத்திலிருந்தும் கேட்பார்கள். (பாரிஸில் இருந்து இங்கிலிஷ் படிப்பிக்க வருவது தனிக்கதை.) நல்ல மனம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்த முறை ஆளாளுக்குப் பதில் போடாமல் பொதுவாக எழுதுகிறேன், கோவிக்கக் கூடாது.

நான் படிப்பிப்பது பண்ணைப் பாலம் தாண்டி, தீவகத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். ஏழாம் ஆண்டில் ஒரு பெடியன் இருக்கிறான். போன வருசம் வந்த குழு அவனை எழுப்பிக் கேட்டதும் "மை நேம் இஸ்" என்று தொடங்கி வயது, விருப்பமான நிறம், விருப்பமான மிருகம் எல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். வந்தவர்கள் கைதட்டிப் படம் எடுத்தார்கள். மூன்றாம் ஆண்டில் இருந்து வருகிற ஒவ்வொரு குழுவுக்கும் அவன் இதையேதான் ஒப்பிக்கிறான். நிறம் எப்போதும் புளூ. பிறகு தனியக் கூப்பிட்டுக் கேட்டேன், "உண்மையா உனக்கு நீலமோடா விருப்பம்?"

"இல்லை ரீச்சர், ஊதா. பேப்பிள் எண்டு சொல்ல வாய் வருகுதில்லை."

அவனுக்கு முட்டுப்படுகிற இடம் அறிமுகம் இல்லை. பாடப்புத்தகத்தில் ஒரு பந்தியை வாசித்து விளங்கி, சொந்தமாக இரண்டு வரி எழுத வராது. சாதாரண தரப் பரீட்சையில் எங்கள் பிள்ளைகள் விழுவதும் அங்கேதான். பாட்டு, பலூன், விளையாட்டு எல்லாம் நல்லது, ஆனால் ஆறு வருசமாக அதே பாட்டு.

வெளியில் இருந்து வந்து இங்கே ஆங்கிலம் படிப்பித்தவர்கள் புதிதில்லையே. 1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்தார்கள். வந்த நோக்கம் மதம், அது வேறு வழக்கு. ஆனால் முதல் வேலையாகத் தமிழ் படித்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் தொடங்கிய செமினரி என்ற உயர்கல்விக்கூடத்தில் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தே நடந்தது. அங்கே படித்த சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார், பிறகு கலித்தொகையைப் பதிப்பித்தார். மானிப்பாயில் அதே மிசனைச் சேர்ந்த டொக்டர் கிறீன் மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார். இந்த மிசனரிமார் ஒருவரும் லீவுக்கு வந்தவர்கள் இல்லை.

அதற்காக இருபது வயதுப் பிள்ளையை முப்பது வருசம் நில்லென்று சொல்ல ஏலுமா? ஏலாது. இரண்டு வருசத்துக்கு முதல் ரொறன்ரோவில் இருந்து ஒரு பிள்ளை வந்தவ. அவவின் தமிழ் உடைந்த தமிழ். "வாழைப்பழம்" சொல்லச் சொல்லி வகுப்பே சுற்றி நின்று சிரித்தது. அவவும் சிரித்து, திரும்பத் திரும்பப் பிழையாகச் சொன்னா. அடுத்த நாள் தொடக்கம் என்ர பிள்ளைகளுக்கு இங்கிலிஷில் பிழைவிடுகிற கூச்சம் பாதி போய்விட்டது. பயிற்சி எடுத்த ஆசிரியை நான், நாலு வருசமாக முயன்றும் அதை என்னால் செய்ய முடியவில்லை.

அவவும் மூன்று கிழமைதான் நின்றா. ஆனால் போன பிறகும் விடவில்லை. சனிக்கிழமை எங்களுக்குப் பின்னேரம் ஐந்தரை, அவவுக்கு விடிய எட்டு மணி. (அங்கே குளிர்காலத்துக்கு மணி மாற்றினால் எங்களுக்கு ஆறரை.) என் போனைச் சுற்றி நாலு பிள்ளைகள், ஒரு கதைப்புத்தகம், ஆளுக்கு ஒரு பக்கம். ஊதாப் பெடியனும் அதில் ஒருவன்.

இன்னொன்று. லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் உதவிக்குப் போவதென்றாலே பின்னணி விசாரித்துத்தான் விடுவார்கள். அங்கே ஒரு பிள்ளையின் படத்தைக் கேட்காமல் முகநூலில் போட உங்களுக்கே துணிவு வராது. இங்கே மட்டும் எப்படி வருகிறது? எங்கள் பிள்ளைகளுக்கும் தாய் தகப்பன் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கோ.

ஆகவே வர விரும்புகிறவர்கள் எனக்கு எழுதும்போது எத்தனை கிழமை நிற்பீர்கள் என்று எழுத வேண்டாம். திரும்பிப் போன பிறகு எந்த நாள், எத்தனை மணிக்கு நேரம் இருக்கும் என்று எழுதுங்கோ. டேட்டா நான் போடுகிறேன்.