அண்ணை, நீங்கள் எதில் வந்தீர்கள்?

இங்கிலாந்தில் எங்கள் ஈழத்தமிழ் ஆட்களின் சனிக்கிழமை ஒன்றுகூடல் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாக இன்பொக்ஸ் நிறைய அதுதான். பேசியவரின் பெயரை எழுதப் போவதில்லை, அண்ணை என்றே கூப்பிடுகிறேன். மைக்கைப் பிடித்து அவர் சொன்னது இது: "சவுத்போட்டில் பிள்ளைகளைக் கொன்றவன் படகில் வந்தவன். அரசாங்கம் மூடி மறைத்துவிட்டது. இந்தப் படகுக்காரரால் எங்களுக்கும் கெட்ட பெயர்." மண்டபமே கைதட்டியது. தட்டியவர்களில் என் ஒன்றுவிட்ட அண்ணாவும் ஒருவர். அது தனிக்கதை.

அவன் அகதிகள் வருகிற மாதிரிக் கடல் கடந்து படகில் வரவில்லை. கார்டிஃபில் பிறந்தவன், தாய் தகப்பன் ருவாண்டாவிலிருந்து வந்தவர்கள். 2024 ஜூலை 29 அன்று நடன வகுப்பில் மூன்று சிறுமிகளைக் குத்திக் கொன்றான். கார்டிஃபில் பிறந்த பெடியன், வயது 17 என்று பொலிஸ் சொல்லத்தான் செய்தது. ஆனால் அதற்குள் யாரோ ஒரு அரபுப் பெயரை எழுதி, 2023இல் படகில் வந்தவன் என்றும் எம்ஐ6 உளவுத்துறையின் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தவன் என்றும் பரப்பிவிட்டார்கள். அப்படி ஒரு ஆளே இல்லை. இல்லாத அந்த ஆளுக்காக மறுநாள் மாலை சவுத்போட் பள்ளிவாசலுக்குக் கல் விழுந்தது, 50க்கு மேற்பட்ட பொலிஸார் காயப்பட்டார்கள். ஓகஸ்ட் 4, ரொதர்ஹாம் பக்கத்தில் அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்கு, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே தீ வைத்தார்கள். அதற்கு முதல் நாள் லிவர்பூலில் எரிந்தது ஒரு நூலகம். நூலகம், அண்ணை! ஒவ்வொரு ஜூனிலும் யாழ் நூலகப் படம் போட்டுக் கண்ணீர் விடுகிறோமே, அந்த நாங்கள்தான் சனிக்கிழமை கைதட்டினோம்.

ஜூலை 29 என்ற திகதி எங்கள் ஆட்களுக்கு ஒன்றையுமே ஞாபகப்படுத்தவில்லையா? 1983 ஜூலை 29, வெள்ளிக்கிழமை. 'கொட்டி' வந்துவிட்டது, புலி கொழும்புக்குள் இறங்கிவிட்டது என்று ஒரு கதை. புலியும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் அடங்கியிருந்த கொலை திரும்பத் தொடங்க அந்தக் கதை ஒன்றே போதுமாக இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. வெள்ளவத்தையில் எங்கள் வீடு திங்கட்கிழமையே போய்விட்டது. பக்கத்துச் சிங்களக் குடும்பத்தின் குசினியில், அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தோம். அம்மா விரலில் எச்சில் தொட்டுப் பொட்டை அழித்தார். குங்குமம் அழியாமல் நெற்றி முழுக்கச் சிவப்பாகப் பரவியது. தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வதந்தி என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்தது அந்த நெற்றியில்தான்.

அதனால்தான் சொல்கிறேன், வதந்தியால் வீடு எரிந்த சனம் வதந்தியை ஃபோர்வேட் பண்ணக்கூடாது. வேறு யாரும் பண்ணட்டும். நாங்கள் பண்ணக்கூடாது.

உடனே வருவீர்கள், தெரியும். "பொலிஸ் மறைத்தது உண்மைதானே? வீட்டில் ரைசின் விஷமும் அல்கைதா கையேடும் இருந்ததை ஒக்டோபர் வரை சொல்லவில்லையே?" ஓம், பிந்தித்தான் சொன்னார்கள். வழக்கு கெட்டுவிடும் என்றார்கள். எனக்கும் அது திருப்தியில்லை. அவனைப் பற்றி, தீவிரவாதத்துக்குப் போகக்கூடியவர்களை முன்கூட்டியே தடுக்கும் 'பிரிவென்ட்' திட்டத்துக்கு மூன்று தரம் அறிவித்தும் ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை, அதைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் ஒன்றை மறைத்தார்கள் என்பதற்காக கார்டிஃப் ஆஸ்பத்திரி படகாகிவிடாது.

ரொதர்ஹாமில் பெரும்பாலும் பாகிஸ்தான் வம்சாவளி ஆட்கள் 1,400 பிள்ளைகளைச் சீரழித்ததை, இனவாதி என்று பெயர் வந்துவிடும் என்ற பயத்தில் அதிகாரிகள் கண்டுகொள்ளாமல் விட்டார்களே என்பீர்கள். 2014 அறிக்கையில் இருக்கிறது. வெட்கக்கேடு. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

"நீ இடதுசாரி, லேபர்காரன்." சரி, வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் பெரிய யோக்கியன் இல்லை. 2024 ஓகஸ்ட் 7 அன்று எங்கெங்கே அடிக்கப் போகிறார்கள் என்று ஒரு பட்டியல் வந்ததே, யார் எழுதியது என்றுகூடப் பார்க்காமல் குடும்ப குரூப்பில் போட்டவன் நான்தான். லண்டன் வோல்தம்ஸ்டோவில் மச்சாள் மத்தியானமே கடையைப் பூட்டினா. மீன் பெட்டிகளை என்ன செய்வது என்று அழுதுகொண்டு போன் எடுத்தா. பின்னேரம் அந்தத் தெருவுக்கு வந்தது இனவாதத்துக்கு எதிரான ஆயிரக்கணக்கான சனம். மீன் போனது போனதுதான். அவ இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறா.

அந்தக் கிழமை மிடில்ஸ்பரோவில் கார்களை மறித்து, நீ வெள்ளையா, இங்கிலிஷ்காரனா என்று கேட்டார்கள். எங்கள் ஆட்களை மறித்து வாளிக்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்ட மாதிரியேதான். 'பால்திய' என்பதன் முதல் எழுத்தில் தமிழ் நாக்கு இடறினால் முடிந்தது. மறிக்கிறவன் விசாவைக் கேட்பதில்லை அண்ணை. நீங்கள் பிளேனில் வந்தவர், வரி கட்டுகிறவர், எசெக்ஸில் நாலு அறை வீடு வைத்திருப்பவர் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கழுத்தில் அறிவிப்புப் பலகை மாட்டிக்கொண்டு போவீர்களா? 2025 செப்டம்பரில் குடிவரவை எதிர்க்கும் ரிஃபோம் கட்சி நிரந்தர வதிவிடத்தையே ஒழிப்போம் என்றதே, அது படகுக்காரரைப் பற்றிய கதையா? வேலை செய்து, காசு கட்டி, வருஷக்கணக்காகக் காத்திருந்து அதை எடுத்தவர்களைப் பற்றிய கதை.

ஹோட்டலில் சொகுசு என்கிறீர்கள். சாப்பாடு கொடுக்கும் ஹோட்டலில் ஒரு அகதியின் கையில் 2025இல் கிடைத்தது வாரத்துக்குப் பத்துப் பவுண்ஸும் இல்லை. ஈஸ்ட்ஹாமில் ஏழு பேர் ஒரு அறையில் படுத்தபோது உங்களுக்கு எவ்வளவு கிடைத்தது என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. உங்கள் தலைமாட்டில்தான் என் கால் இருந்தது. சொலிசிட்டர் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டியதும் நீங்கள்தான். அதனால்தான் இவ்வளவு நோகிறது.

பிளேனில் வந்தீர்கள், சரி. ஏஜென்சி தந்த மலேசியப் பாஸ்போட்டில் இருந்த பெயரை இரவிரவாகப் பாடமாக்கினேன் என்று நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள். அந்தப் பெயர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இங்கே எழுத மாட்டேன்.