பதின்மூன்றால் வகுத்துப் பார்த்த பெண்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் பல வருடமாகக் கணித டியூஷன் எடுக்கிறேன். போன வருடம் இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டில் படித்த ஒரு பெண், நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க எண்களாக எழுதி வைத்திருந்தாள். 1-ஐ 7-ஆல் வகுத்தால் தசமப் புள்ளிக்குப் பிறகு 142857 என்ற ஆறு இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். 2-ஐ 7-ஆல் வகுத்தாலும் அதே ஆறு இலக்கங்கள்தான், 285714 என்று வேறு இடத்தில் தொடங்கும். அதோடு அவள் நிற்கவில்லை. 13-ஆலும் வகுத்துப் பார்த்திருக்கிறாள். அங்கே எல்லாம் ஒரே வட்டத்தில் சுற்றவில்லை. 076923 ஒரு வட்டம், 153846 இன்னொரு வட்டம். "இதுக்கு மட்டும் ஏன் டீச்சர் ரெண்டு?" என்று கேட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வகுப்பில் சலிப்பாக இருந்ததால் போட்டுப் பார்த்தாளாம்.

பள்ளியில் அவளுக்குக் கணிதத்தில் அறுபதை ஒட்டித்தான் மதிப்பெண். செய்முறை காட்டாமல் விடையை மட்டும் எழுதுவதால் பாதி மதிப்பெண் போய்விடுகிறது. அறிக்கையில் கவனம் இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா செம்பனை லாரி ஓட்டுகிறார், அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பாங்கி என்ற ஊரில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் இப்படிப்பட்ட மீத்திறன் பிள்ளைகளுக்கென்றே ஒரு மையம் இருப்பதைச் சொன்னேன். 2009இல் தொடங்கியபோது பெர்மாத்தா பிந்தார் என்று பெயர், பிறகு ஜீனியஸ் பிந்தார் என்று மாற்றினார்கள். முதலில் இணையத்தில் ஒரு தேர்வு. தேறினால் இரண்டாம் தேர்வு. அதிலும் தேறினால் பள்ளி விடுமுறையில் முகாம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வகுத்த திட்டம் அது. அங்கேயே தங்கிப் படிக்க ஒரு கல்லூரியும் உண்டு. பெயர்தான் கல்லூரி, சேர்வது இடைநிலைப்பள்ளி வயதுப் பிள்ளைகள்.

அம்மா முதலில் கேட்டது, "அதுக்கெல்லாம் எவ்வளவு கட்டணும் டீச்சர்?" அடுத்து, "பொம்பளப் பிள்ளையத் தனியா எப்படி அனுப்புறது?" இரண்டும் நியாயமான கேள்விகள். உட்கார்ந்து பொறுமையாகப் பேசினால் பதில் சொல்லிவிடலாம். ஆனால் நாங்கள் விசாரித்தபோது அந்த வருடப் பதிவு முடிந்துவிட்டது. அவள் படித்த பள்ளியில் யாரும் அதைப் பற்றி வாய் திறந்ததாகத் தெரியவில்லை.

என் மனத்தை அரிப்பது இதுதான். வாய்ப்பு இல்லை என்று இனியும் சொல்ல முடியாது. ஆனால் இருக்கிற வாய்ப்பெல்லாம் விண்ணப்பம் வரட்டும் என்று காத்திருக்கிறது. விவரம் தெரிந்த அப்பா, வீட்டில் கணினி, எந்த மாதம் பதிவு என்று சொல்ல ஒரு மாமா, இதெல்லாம் இருக்கிற பிள்ளை போய்ச் சேர்கிறது. தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளையை யாராவது தேடிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

ஒரு காலத்தில் தேடினார்கள். 1996 முதல் 2000 வரை தொடக்கப்பள்ளி மூன்றாம் ஆண்டில் பிடிஎஸ் என்ற தேர்வு இருந்தது. அதில் சிறப்பாகத் தேறினால் நான்காம் ஆண்டைத் தாண்டி நேராக ஐந்தாம் ஆண்டுக்குப் போகலாம். 1997இல் எங்கள் தோட்டப்பள்ளியில் வகுப்பே உட்கார்ந்து எழுதியது. என்னோடு படித்த ஒருத்தி தேறினாள். அவள் அப்பா ரப்பர் மரத்தில் பால் எடுப்பவர். எந்த விண்ணப்பமும் நிரப்பவில்லை, யாரிடமும் போய்க் கேட்கவில்லை. தேர்வு அவள் மேசைக்கே வந்தது. பிள்ளைகளைப் பெற்றோரும் ஆசிரியர்களும் நெருக்குகிறார்கள் என்று பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். அந்தக் காரணம் எனக்குப் புரிகிறது. தேடலையும் சேர்த்து நிறுத்தியதுதான் புரியவில்லை.

என் தம்பிக்கு நடந்தது வேறு. கணக்கில் எங்கள் பள்ளியிலேயே அவனை மிஞ்ச ஆள் இல்லை. ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வில் மலாய் மொழி சரியாக வரவில்லை, புகுமுக வகுப்பில் போட்டுவிட்டார்கள். படிவம் ஒன்றுக்குப் போக வேண்டியவன் ஒரு வருடம் மொழிக்காகவே அங்கே உட்கார்ந்திருந்தான். அந்த வருடத்தில்தான் அவனுக்குப் பள்ளி பிடிக்காமல் போனது. மொழி கற்க உதவி வேண்டும், மறுக்கவில்லை. அதற்காக அவன் கணக்கையும் சேர்த்து ஏன் நிறுத்தி வைக்க வேண்டும்?

இப்போது யுபிஎஸ்ஆர் கிடையாது, 2021இல் எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம், படிவம் மூன்றில் எழுதிய பிடி3 தேர்வும் போனது. பிள்ளைகளுக்கு நிம்மதி, நல்லதுதான். ஆனால் அந்த இரண்டு தேர்வும் இல்லாமல் போனபோது, ஒரு பிள்ளையின் திறமையைப் பார்ப்பதற்கு ஆசிரியரின் கண் ஒன்றுதான் மிச்சம். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அந்தக் கண் எத்தனை பேரைப் பார்க்கும்?

2024இல் பிரதமர், படிவம் ஐந்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் 10ஏ-வும் அதற்கு மேலும் எடுத்த எல்லோருக்கும் இனம் பார்க்காமல், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் என்று அறிவித்தார். எத்தனையோ வருடமாக முறையிட்ட விஷயம், எனக்கு அன்று மனம் நிறைந்திருந்தது. ஆனால் அது 17 வயதில், எல்லாப் பாடத்தையும் தாண்டி வந்தவர்களுக்குக் கிடைக்கும் பரிசு. நான் சொல்கிற பெண்ணுக்கு வயது 14. வரலாற்றிலும் நன்னெறியிலும் ஏ எடுப்பாளா என்பது எனக்குத் தெரியாது. 10ஏ-வை மட்டும் அளவுகோலாக வைத்தால் அவள் எந்தப் பட்டியலிலும் வரமாட்டாள்.

"பின்தங்கிய பிள்ளைகளை முதலில் பாருங்கள், கெட்டிக்காரப் பிள்ளை தானே பிழைத்துக்கொள்ளும்" என்று நம்மவர்களே சொல்கிறார்கள். பின்தங்கியவர்களுக்கு உதவ வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி மையம் எத்தனை தோட்டத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோனது என்று நமக்கெல்லாம் தெரியும். ஆனால் கெட்டிக்காரப் பிள்ளை தானே பிழைத்துக்கொள்ளும் என்பது பொய். சலித்துப்போன பிள்ளை முதலில் வீட்டுப்பாடத்தை விடும், அப்புறம் வகுப்பை விடும். என் தம்பியை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரம் போனால் கோலகங்சார். அங்கே மலாய்க் கல்லூரி 1905இல் அரச குடும்பத்து, பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. பிற்பாடு மலாய்க் கிராமமான கம்பத்துப் பிள்ளைகளில் கெட்டிக்காரர்களையும் சேர்த்துக்கொண்டது. பொறாமையில் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து வளர்த்தால் ஒரு சமூகத்துக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பக்கத்திலேயே பார்க்கிறோம். நம் தலைவர் துன் சம்பந்தன் முன்னின்று 1954இல் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளியை எழுப்பிய ஊர் எங்கள் சுங்கை சிப்புட். நம்மாலும் முடியும்.

பள்ளிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். படிவம் ஒன்றில் சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் கவுன்சலிங் ஆசிரியரே பாங்கித் தேர்வுக்குப் பதிந்துவிடட்டும். பள்ளிக் கணினி அறையிலேயே எழுதட்டும். பெற்றோர் கேட்டு வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். கோவில் நிர்வாகத்து அண்ணன்மாரே, திருவிழாக் கணக்கில் கொஞ்சம் ஒதுக்கினால் முகாமுக்குப் போகும் பிள்ளைக்குப் பேருந்துச் செலவும் துணைக்கு ஒரு அக்காவும் ஏற்பாடாகிவிடும்.

அடுத்த பதிவுக்கு அந்தப் பெண்ணின் பெயரை நானே பதியப்போகிறேன். அவள் அம்மா சரி என்று சொல்லிவிட்டார். சுங்கை சிப்புட்டில் படிவம் ஒன்று, இரண்டு படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் சனிக்கிழமை காலை என் டியூஷன் வகுப்புக்குக் கூட்டி வாருங்கள். கணினி இருக்கிறது, மலாயில் இருக்கும் விண்ணப்பத்தை நான் நிரப்பித் தருகிறேன், காசு வேண்டாம். மதிப்பெண் அறிக்கை கொண்டுவராவிட்டாலும் பரவாயில்லை. நோட்டுகளை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள், கடைசிப் பக்கங்களை நான் பார்க்க வேண்டும்.