அறுவை சிகிச்சைக்கு முன்னர் மட்டும் கேட்டால் போதுமா?

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வருகிறவரை ஒரே ஒருமுறை உளவியலாளரிடம் அனுப்பி, தகுதியானவர் என்று எழுதி வாங்கியதோடு மனநலப் பொறுப்பு முடிந்துவிட்டதாகக் கருதும் நடைமுறையை என்னால் ஏற்க முடியவில்லை. மதிப்பீடு அவசியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது தேர்வு போல நடத்தப்படும்போது, ‘வாயைக் கட்டு’ என்ற ஏச்சையே ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்த ஒருவர், இரவில் யாரும் அறியாமல் அளவின்றி உண்பதையும், மதுப் பழக்கத்தையும், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்ததையும் மறைக்கத்தான் செய்வார். உண்மையைச் சொன்னால் சிகிச்சை கைநழுவிவிடுமோ என்று அஞ்சுகிறவரைக் குற்றம் சொல்ல முடியாது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட 8,815 பேரை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வந்த நிகழ்வுகள் சிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகின என்று காட்டியது. அவற்றில் பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் நிகழ்ந்தன; அவ்வாறு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முன்பே மனநலப் பாதிப்பு கண்டறியப்பட்டிருந்தது. அதாவது ஆபத்து யாருக்கு என்பது பெரும்பாலும் தெரிந்தே இருந்தது. மதுவால் வரும் ஆபத்தும் இப்படித் தாமதமாகத்தான் தலைகாட்டுகிறது: இரைப்பையைச் சிறிதாக்கி, உணவை நேரே சிறுகுடலுக்கு அனுப்பும் ‘பைபாஸ்’ முறைக்குப் பின் மது விரைவாக இரத்தத்தில் கலக்கிறது, 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மதுச் சிக்கல் முதல் ஆண்டில் கூடவில்லை, இரண்டாம் ஆண்டில்தான் கூடியது. மனநல மருந்துகள் சிலவற்றை உடல் ஏற்கும் அளவும் மாறக்கூடும் என்பதால், அவற்றின் அளவை மனநல மருத்துவர் தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இவற்றைச் சொல்வது யாரையும் தடுப்பதற்காக அல்ல. கடும் பருமனாலும் நீரிழிவாலும் அவதிப்படுவோருக்கு இச்சிகிச்சை ஆயுளை நீட்டுகிறது. மனச்சோர்வு இருக்கிறது என்பதற்காக அதை மறுப்பது அநீதி. முதலில் மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, பிறகு அறுவை செய்யலாம்.

ஆசியர்களுக்கு, உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறை குறியீட்டெண் (BMI) 27.5 இருந்தாலே இச்சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று 2022இன் சர்வதேச வழிகாட்டுதல் கூறுவதால், நம்மிலும் இனிப் பலர் இதை நாடுவார்கள். நம் காப்பீட்டுப் பாலிசிகளின் வழக்கமான நிபந்தனைகளோ வயதையும் குறியீட்டெண்ணையும் இணைநோய்களையும் கேட்கின்றன. மனநலத்தைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. வீடு திரும்பும் நாளிலேயே, அடுத்த மூன்று ஆண்டுகளுக்கான உளவியலாளர் சந்திப்புகளும் நோயாளியின் கையில் இருக்க வேண்டும். அதற்கான செலவும் சிகிச்சைக் கட்டணத்திலேயே அடங்க வேண்டும்.