கூடை தூக்கத்தான் போவ

"படிக்காட்டி நீயும் கூடை தூக்கத்தான் போவ."

இலங்கையின் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வளர்ந்த யாருக்கும் இந்த ஏச்சு புதிதில்லை. அம்மா ஏசினார், பெரியம்மா ஏசினார், பள்ளிக்கூடத்திலும் கேட்டேன். எல்லோரும் என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். ஆனால் என் மனதில் பதிந்தது வேறு. கூடையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக் கொழுந்து எடுக்கும் அம்மா செய்வது கேவலமான வேலை என்றுதான் பதிந்தது.

பத்தொன்பது வயதில் கொழும்புக்கு வேலைக்குப் போனேன். ஊர் எங்கே என்றால் "நுவரெலியா" என்பேன். டவுனா என்றால் "ஆமா, டவுன்தான்." தோட்டத்தின் பெயர் வாயில் வராது. ஒருமுறை அம்மா போர்டிங்குக்கு என்னைப் பார்க்க வந்தார். அறைத் தோழிகள் உள்ளே வந்ததும் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். கொழுந்துக்கறை ஏறி, விரல் வெடிப்பெல்லாம் கறுத்துப்போன கைகள். நான் எதுவும் கேட்கவில்லை. பஸ் ஏறும்போது அவராகவே சொன்னார்: "தேசிக்கா போட்டுத்தான் தேச்சேன் புள்ள. போக மாட்டேங்குது."

இன்றைக்கும் அந்த வார்த்தை வந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

உன்னை நீயே நேசி, நல்லதையே நினை என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். கண்ணாடி முன் நின்று நானும் சொல்லிப் பார்த்தேன். எனக்கு அதில் ஒன்றும் நடக்கவில்லை. என்னை நிமிர வைத்தது எங்கள் கதை. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் ஆட்களின் குடியுரிமையை, இலங்கை 1948இல் கொண்டுவந்த சட்டம் பறித்தது. 1964இல் இந்தியா, இலங்கை என்ற இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து, உனக்கு இத்தனை பேர் எனக்கு இத்தனை பேர் என்று பிரித்துக்கொண்டன. மிச்சம் இருந்தவர்களுக்கு 2003இல்தான் வழி பிறந்தது. அதற்கு முன்பே தாத்தா போய்விட்டார், எந்த நாட்டுக்காரர் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல். இதையெல்லாம் படித்த பிறகுதான், எனக்குள் இருந்த கூச்சம் என் பிறவிக் குணம் இல்லை என்று விளங்கியது.

2023இல், நாங்கள் வந்து 200 வருஷம் என்று, அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் நடந்து வந்த வழியை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்கள். போனில் அம்மாவுக்குக் காட்டினேன். "இம்புட்டுத் தூரமா நடந்து வந்தாங்க?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

அந்த லீவில் அவரோடு மலைக்குப் போனேன். அடுத்த நிரைப் பெண்ணோடு கதைத்துக்கொண்டே எடுக்கிறார். கண் கொழுந்தில் இல்லை. ஆனாலும் விரலில் சிக்குவது ரெண்டு இலையும் ஒரு மொட்டும்தான். என் கைப்பிடியில் பாதி முற்றல். பொறுக்கி எறிந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மீதியைத் தன் கூடையில் போட்டுக்கொண்டார். அரை மணித்தியாலத்தில் என் இடுப்பு விட்டுப்போனது. இந்த வேலையைச் சொல்லியா எங்களைப் பயமுறுத்தினார்கள்?

அம்மாவின் வேலையை மதிக்கிறேன் என்றால், ஒழுகும் லயத்தையும் பத்தாத சம்பளத்தையும் பொறுத்துக்கொள் என்று யாரும் அர்த்தம் எடுக்க வேண்டாம். தன் வேலையை மதிக்கிறவள்தான் அதற்கான கூலியைக் குரலை உயர்த்திக் கேட்பாள்.

தோட்டத்தில் இருக்கிற அக்காமாரே, அண்ணன்மாரே, பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். கண்டித்தே சொல்லுங்கள். அந்தக் கூடையை மட்டும் இழுக்காதீர்கள்.

என் மகளுக்கு ஏழு வயது. போன கிழமை வகுப்பில் பாட்டியைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னார்களாம். "என் அம்மாயி வேகமாகக் கொழுந்து எடுப்பார்" என்று தொடங்கியிருந்தாள். அம்மாவுக்குப் போனில் வாசித்தேன்.

"அத ஏன் எழுதுனா?" என்றார்.

பிறகு, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.