நிலத் தகராறு தீரும்வரை தாய்மார் காத்திருக்க வேண்டுமா?

இலங்கைப் பேச்சு வந்தால் போதும், "முதலில் அரசியல் தீர்வு வரட்டும், நல்லிணக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். இங்கே சிங்கப்பூரில் தேக்கா கோப்பிக்கடையிலும் கேட்டிருக்கிறேன், படித்தவர்கள் கூடும் கூட்டங்களிலும் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. நிலம் யாருடையது என்ற வழக்கு இன்னும் ஐம்பது வருடம் இழுக்கலாம். காணாமல் போன என் பிள்ளை எங்கே என்று கேட்கிற தாய்க்கு அவ்வளவு ஆயுள் கிடையாது.

மத்தியதரைக் கடல் தீவான சைப்ரஸைப் பற்றிக் கொஞ்ச காலமாகவே தேடித் தேடிப் படித்துவருகிறேன். 1974இல் கிரேக்க ராணுவ ஆட்சியின் தூண்டுதலில் அங்கே ஓர் ஆட்சிக் கவிழ்ப்பு. பின்னாலேயே துருக்கிப் படை இறங்கியது. தீவு இரண்டானது. வடக்கே துருக்கிய மக்கள், தெற்கே கிரேக்க மக்கள், நடுவே ஐநா காவலில் ஒரு நிலப்பட்டை. தலைநகர் நிகோசியாவையே அது இரண்டாக அறுத்துக்கொண்டு போகிறது. 1963-64 மோதல்களிலும் 1974 போரிலும் காணாமல் போனவர்கள் என்று அதிகாரபூர்வப் பட்டியலில் 2,002 பேர்: கிரேக்கர் 1,510, துருக்கியர் 492. 2004இல் ஐநா கொண்டுவந்த இணைப்புத் திட்டத்தைத் துருக்கியத் தரப்பு வாக்கெடுப்பில் ஏற்றது, கிரேக்கத் தரப்பு நிராகரித்தது. 2017இல் சுவிட்சர்லாந்தில் நடந்த பேச்சும் முறிந்தது. பிரிவினை இன்றும் அப்படியே நிற்கிறது.

ஆனால் 2006இலிருந்து இரு தரப்பு இளம் ஆய்வாளர்களும் ஒன்றாக மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். போருக்குப் பிறகு கைவிடப்பட்ட நிகோசியா பழைய விமான நிலையம் இருக்கும் ஐநா பாதுகாப்புப் பகுதியில் அவர்களுடைய ஆய்வுக்கூடம் இருக்கிறது. நீளமான மேசைகள். கிணற்றிலும் வயலிலும் எடுத்த எலும்புகளைச் சுத்தம் செய்து, மண்டையோடு, விலா, முதுகெலும்பு, கால் என்று உடல் கிடக்கிற வரிசையிலேயே அடுக்குகிறார்கள். எலும்பு யாருடையதாக இருந்தாலும் மேசையைச் சுற்றி இரு பக்கத்துப் பிள்ளைகளும் நிற்கிறார்கள். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி காணாமல் ஆக்கியவர்களைத் தேடிய தடயவியல் குழுதான் இவர்களுக்கும் பயிற்சி கொடுத்தது. டிஎன்ஏ பொருந்தினால் குடும்பத்தை அழைத்துக் காட்டி, விளக்கி, ஒப்படைக்கிறார்கள். இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயரோடு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

இவர்களை வைத்துத் தேடுகிற, காணாமல் போனோருக்கான ஆணைக்குழு 1981இலேயே அமைக்கப்பட்டது. இரு தரப்புக்கும் ஆளுக்கொரு உறுப்பினர், ஐநா நியமிக்கும் ஒருவர். கால் நூற்றாண்டுக்குக் கோப்பு புரண்டதே தவிர மண் புரளவில்லை. 2003இல் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே கடவைகள் திறந்த பிறகுதான் சாதாரண மக்கள் எல்லையைத் தாண்டிப் போய்ப் பேச ஆரம்பித்தார்கள். செவ்கூல் உலுதாக் என்ற துருக்கிய சைப்ரஸ் பத்திரிகையாளர் தன் தொலைபேசி எண்ணைப் போட்டு, பெயர் சொல்ல வேண்டாம், இடத்தை மட்டும் சொல்லுங்கள் என்று வாசகர்களைக் கேட்டார். பல வருடம் வாயைத் திறக்காத ஊர்க்காரர்கள் கூப்பிட்டார்கள். மிரட்டலும் வந்தது. அவர் நிறுத்தவில்லை. இரு பக்கத்துக் குடும்பங்களும் சேர்ந்து ஒரே சங்கமாக நின்றன. அரசிடம் சொல்லப் பயப்படுகிறவன் இன்னொரு தாயிடம் சொல்லிவிடுவான். குடிமக்கள் அமைப்புகளால் மட்டுமே முடிகிற வேலை என்று நான் சொல்வது இதைத்தான்.

யார் கொன்றார்கள், எப்படி இறந்தார்கள் என்று அந்த ஆணைக்குழு சொல்லாது. விதியே அப்படி. "நீதி இல்லாமல் எலும்பு மட்டும் எதற்கு?" என்று நம்மவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எலும்பை வாங்கியதால் யாரும் வழக்கைக் கைவிடவில்லை. சைப்ரஸ் குடும்பங்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார்கள். காணாமல் போனவர்களுக்கு என்ன ஆனது என்று ஒழுங்காக விசாரிக்கவில்லை என 2009இல் துருக்கிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. ஆணைக்குழு இருக்கிறதே என்ற சாக்கை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இப்போது யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள செம்மணிக்கு வருகிறேன். 2025இல் அங்கே சிந்துபாத்தி மயானத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அந்தச் சமயத்தில் சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலில் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தபோது, யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு வயதான அம்மா என் போனில் அந்தப் படங்களைப் பார்த்தார். மண்ணோடு கிடந்த நீலநிறப் பள்ளிக்கூடப் பையில் அவர் விரல் நின்றது. "தம்பி, உதைக் கொஞ்சம் பெரிசாக்கு" என்றார். பெரிதாக்கினேன். ஒன்றும் பேசாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் யாரும் காணாமல் போகவில்லை. அவர் தேடியது யாருடைய பை என்பதைத்தான்.

செம்மணி அகழ்வை வழிநடத்தியவர் பேராசிரியர் ராஜ் சோமதேவ, ஒரு சிங்களவர். தெற்கிலும் 1987-89 ஜேவிபி கட்சியின் கிளர்ச்சிக் காலத்தில் ஆயிரக்கணக்கான சிங்களப் பிள்ளைகள் காணாமல் போனார்கள். மாத்தளை மருத்துவமனை வளாகத்தில் 2012இல் கிடைத்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் யாருடையவை என்பதற்கு எல்லோரும் ஏற்கும் பதில் இன்னும் இல்லை. கிளிநொச்சித் தாய்மார் 2017 பிப்ரவரியிலிருந்து தெருவோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். பதில் தெரியாமலே பலர் இறந்துபோனார்கள். வடக்குத் தாய்க்கும் தெற்குத் தாய்க்கும் கேள்வி ஒன்றுதான். இவர்கள் ஒரே சங்கமாக நிற்க எந்த வரைபடமும் தடையில்லை.

மன்னாரில் நடந்ததையும் மறக்கக் கூடாது. 2018இல் சதொச என்ற அரசு விற்பனை நிலைய வளாகத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். மாதிரிகள் அமெரிக்காவுக்குப் போயின. நூற்றாண்டுகள் பழையவை என்று அறிக்கை வந்தது. குடும்பங்கள் நம்பவில்லை. அறிக்கை சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் தங்கள் பிள்ளைகளும் நின்று எலும்பை அடுக்கியிருந்தால் அந்த மக்கள் அதை ஏற்றுக்கொண்டிருப்பார்கள். 2016 சட்டத்தில் உருவான காணாமல் போனோர் அலுவலகத்தைக் குடும்பங்கள் ஒதுக்கியதும் அதனால்தான். மேலிருந்து கட்டிக் கொடுத்தார்கள், கீழே யாரும் ஏறவில்லை.

சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு நமக்கு இதில் என்ன வேலை? வெளிநாட்டு அரசியலை இங்கே கொண்டுவரக் கூடாது என்பது தெரியும், சரிதான். நான் கேட்பது கொடியோ கோஷமோ இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், மாத்தளையிலிருந்து ஒருவர் என்று இரண்டு மாணவர்கள் சேர்ந்து தடயவியல் மானிடவியல் படிக்க உதவித்தொகை. வயதான பெற்றோரின் டிஎன்ஏ மாதிரியை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே எடுத்து, அவர்கள் நம்புகிற கையில் பாதுகாக்க ஓர் ஏற்பாடு. இரண்டிலும் இரண்டாவதுதான் அவசரம். மாதிரி தரவேண்டியவர்கள் போய்விட்டால், எலும்பு கிடைத்தாலும் பெயர் கிடைப்பது கஷ்டம்.

இங்கே மருத்துவமனை ஆய்வகங்களிலும் மரபணுத் துறையிலும் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் இதைப் படித்தால் கீழே சொல்லுங்கள். மாதிரியை எடுப்பது எப்படி, எத்தனை வருடம் கெடாமல் வைக்கலாம், யார் பொறுப்பில் வைக்கலாம், செலவு எவ்வளவு என்ற விவரங்கள் எனக்கு வேண்டும். சிங்களம் தெரிந்தவர்களும் வாருங்கள். இரு பக்கத்துக் குடும்பங்களுக்கும் நாம் எழுதும் முதல் கடிதம் இரண்டு மொழியிலும் சேர்ந்தே போகவேண்டும்.