பன்னிரண்டு அடி தள்ளி நின்ற மைக்

கடந்த மாதம் ஒரு தம்பி ஹார்ட் டிஸ்க்கோடு கிளிநொச்சியில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். இரணைமடுக் குளத்துக்குக் கீழே, தோட்டக்காணி ஓரத்து வீடொன்றில் அவர் எடுத்த குறும்படம் அதில் இருந்தது. படம் உண்மையிலேயே அழகாக இருந்தது. விடியற்காலை வெளிச்சத்தை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து எனக்குச் சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் அந்த வீட்டுத் தாய் வாசற்படியில் இருந்தபடி மகனைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், அவருடைய குரலும் பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மிசினின் இரைச்சலும் ஒரே அளவில் காதில் விழுந்தன. கமராவின் தலையில் பூட்டிய மைக்கில் எடுத்ததாம். கமரா நின்றது தாயிடமிருந்து 12 அடி தள்ளி. "அண்ணை, இந்தச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கிளீன் பண்ணித் தாங்கோ" என்றார். மூன்று இரவு முயன்றேன். மிசினைக் குறைத்தால் தாயின் குரல் தகரப் பேணிக்குள்ளிருந்து வருவது போலாகிவிட்டது. குரலைக் காப்பாற்றினால் மிசினும் கூடவே வந்து குந்திக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் படம் எடுப்பவர்களின் கையில் காசு இல்லை என்பதை நான் அறிவேன், அதைக் குறையாகச் சொல்லவும் மாட்டேன். கமரா வாடகை, லென்ஸ் வாடகை, வான், சாப்பாடு என்று எல்லாம் போன பிறகு மிஞ்சுவதில் ஒலி என்பது பழகிப்போன கணக்கு. என் மனத்தாங்கல் வேறு: காசு கேட்காத ஒன்றைக்கூட, அதாவது பேசுபவரின் வாய்க்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக்கூட, நாங்கள் மைக்குக்குக் கொடுப்பதில்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் குறைகிறது. ஒன்றரை அடியில் இருக்கவேண்டிய மைக்கை 3 அடிக்கும், 6 அடிக்கும், பின்னர் 12 அடிக்கும் கொண்டு போனால் 18 டெசிபல் போய்விட்டது. மிசின் இரைச்சலோ மைக் எங்கே நின்றாலும் ஏறத்தாழ அதே அளவுதான், ஏனென்றால் அது ஏற்கனவே தூரத்தில்தான் இருக்கிறது. இந்த 18 டெசிபலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

"நீள மைக் வாங்கினால் தூரத்தில் இருந்தே இழுக்குமே" என்று பலர் கேட்கிறார்கள். துப்பாக்கி மைக் என்று நாங்கள் சொல்லும் அந்த நீளக் குழல் எதையும் இழுப்பதில்லை. குழலின் பக்கவாட்டில் வெட்டப்பட்டிருக்கும் கீறல்கள் வழியே நுழையும் பக்கவாட்டு ஒலி வெவ்வேறு நேர இடைவெளியில் உள்ளே வந்து தன்னைத்தானே ஓரளவு அழித்துக்கொள்கிறது. முன்னாலிருந்து வருவது அழியாமல் தப்புகிறது. இந்த விளையாட்டு கீச்சென்ற மேல்சுரங்களில் மட்டுமே நன்றாக நடக்கும், அலை குழலைவிட நீளமானால் எடுபடாது. உலகம் முழுவதும் பயன்படும் சென்ஹைசர் எம்.கே.எச். 416 மைக்கின் நீளம் 25 சென்ரிமீற்றர். 100 ஹேர்ட்ஸ் ஒலி ஒன்றின் அலைநீளம் மூன்றரை மீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஏ9 வீதி லொறியின் உறுமலையும் தண்ணீர் மிசினின் அடிச்சத்தத்தையும் அந்தச் சின்னக் குழல் என்ன செய்துவிடும்? 416ஐ நான் மதிப்பதற்குக் காரணம் வேறு. அதன் உள்ளே இருக்கும், வானொலி அதிர்வெண்ணில் இயங்கும் மின்சுற்று ஈரப்பதத்தைத் தாங்குகிறது. மாரி மாதத்தில், மழை விட்ட கையோடு, மற்ற மைக்குகள் பொரிகடலை வெடிப்பது போலப் படபடக்கத் தொடங்கும்போது அது பேசாமல் வேலை செய்துகொண்டிருக்கும். மழைக்காலத்தில் ஏனைய மைக்குகளைச் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைப்பதை நான் சோறு மூடி வைப்பது போலக் கட்டாயமாகக் கொண்டிருக்கிறேன்.

பூம் என்னும் நீளக் கம்பின் வேலை, கமராவின் கண்ணில் படாமல் மைக்கை நெற்றிக்கு மேலே, நெஞ்சை நோக்கிச் சரித்துப் பிடித்திருப்பதுதான். காபன் பூம் வாங்க வசதியில்லாத முதல் இரண்டு வருடமும் நான் மூங்கில் தடியைப் பயன்படுத்தினேன். மூங்கிலில் விரல் நகர்ந்தால் 'கிரீச்' என்ற சத்தம் நேராக மைக்குக்குள் போகும் என்பதால், கை பிடிக்கும் இடம் முழுவதும் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றினேன். நுனியில் மைக்கை நேரடியாகக் கட்டாமல், வளையமொன்றின் நடுவில் இலாஸ்ரிக் பட்டிகளால் தொட்டில் போலத் தொங்கவிட்டேன். தடி மலிவுதான், பிடிக்கிற ஆள்தான் விலை. எங்கள் படப்பிடிப்புகளில் சும்மா நிற்கும் ஒருவரிடம், பெரும்பாலும் இயக்குநரின் மச்சானிடம், பூமைக் கொடுத்துவிடுவார்கள். பூம் பிடிப்பவர் வசனத்தை நடிகரைப் போலவே பாடமாக்கியிருக்க வேண்டும், யார் அடுத்துப் பேசப்போகிறார் என்பதை அவர் வாய் திறக்கும் முன்பே மைக்கின் தலை அறிந்திருக்க வேண்டும், பிரேமின் விளிம்பு எங்கே என்று ஒவ்வொரு ஷொட்டுக்கும் கமராக்காரரிடம் கேட்க வேண்டும். அகலமான ஷொட்டையும் நெருக்கமான ஷொட்டையும் இரண்டு கமராவால் ஒன்றாக எடுக்காதீர்கள் என்று நான் மன்றாடுவதும் இதனால்தான். அகலக் கமரா பூமைத் துரத்திவிடும், நெருக்கக் கமராவில் முகம் பக்கத்திலும் குரல் தூரத்திலும் இருக்கும்.

வன்னியில் ஒலி எடுப்பவனுக்குக் காற்று பெரிய எதிரி. சோளகம் எழும்பும் மாதங்களில் பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் வழியில் உள்ள வெட்டைகளில் மைக்கோடு வரும் பஞ்சு உறை ஒன்றுக்கும் உதவாது. மைக்கைச் சுற்றி அசையாத காற்று ஒரு கூடு போல நிற்க வேண்டும். அதற்குத்தான் வலைக்கூடும், அதன்மேல் நீள மயிர் உறையும். என் முதல் மயிர் உறை, சந்தையில் வாங்கிய கரடிப் பொம்மையொன்றின் தோல். பிள்ளைகள் பார்த்து அழுததைத் தவிர வேறு குறையில்லை. ஆனால் உறை தடுப்பது மைக்கில் வந்து மோதும் காற்றை மட்டுமே. பனையோலை சலசலப்பது உண்மையான ஓசை, அதை எந்த மயிரும் தடுக்காது. வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும் என்பதால் பேச்சுள்ள காட்சிகளைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது என் வழக்கம். அந்த நேரத்தில் மயிலும் ஆக்காட்டியும் கத்தும்தான். அவை இந்த ஊரின் குரல்கள் என்று விட்டுவிடுகிறேன். இரண்டு சொல்லுக்கு நடுவில் கத்தினால் மட்டும் இன்னொரு முறை எடுக்கச் சொல்வேன்.

இடம் பார்க்கப் போகும்போது எல்லோரும் கண்ணைக் கொண்டு போகிறார்கள். படப்பிடிப்பு நடக்கப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் போய், கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் அங்கே இருந்து பாருங்கள். பாண் ஓட்டோ எத்தனை மணிக்கு அந்த மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்புகிறது, யாழ்ப்பாண ரயில் எப்போது கூவுகிறது, வெள்ளிக்கிழமை எந்தக் கோயிலில் லவுட்ஸ்பீக்கர் கட்டுவார்கள், யாருடைய லான்ட்மாஸ்டர் எந்தப் பாதையால் போகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். மிசின்காரரிடம் முதல் நாளே போய்ப் பேசினால் அரை மணித்தியாலம் நிறுத்தித் தருவார். படப்பிடிப்பு நடுவில் ஆளனுப்பிக் கத்தினால் தரமாட்டார். வீட்டுக்குள் எடுக்கும்போது குளிர்சாதனப் பெட்டியை நிறுத்த வேண்டும், அதை மறக்காமல் திரும்பப் போட வேண்டும். ஒருமுறை முல்லைத்தீவில் ஒரு வீட்டில் நான் மறந்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த நாள் போனபோது அந்த அன்ரி ஒன்றும் பேசாமல், கெட்டுப்போன பாரை மீன் பையை என் கையில் தந்தார். அன்றிலிருந்து எந்த வீட்டில் பெட்டியை நிறுத்தினாலும் என் மோட்டார் சைக்கிள் திறப்பை அதற்குள் வைத்துவிடுகிறேன். திறப்பு இல்லாமல் நான் வீட்டுக்குப் போக முடியாது.

வீடுகளைப் பற்றி இன்னொன்று. மண்சுவரும் கிடுகுக் கூரையும் உள்ள பழைய வீட்டைப் போல ஒலிக்கு நல்ல இடம் வேறில்லை. கிடுகு எதிரொலியைக் குடித்துவிடும். வீட்டுத்திட்டத்தில் கட்டிய சீமெந்து அறைகளில் தளபாடம் குறைவு, குரல் சுவருக்குச் சுவர் துள்ளும், அந்த இடத்தில் துப்பாக்கி மைக்கும் குழம்பிப்போகும். அங்கே ஹைப்பர்காடியொயிட் என்னும், நீளக் குழல் இல்லாமல் முன்னால் இருப்பதையே கூடுதலாகக் கேட்கும் குட்டையான மைக்கே நல்லது. அது இல்லாதவர்கள் மெத்தை, பெட்சீற், தடித்த சேலை எல்லாவற்றையும் கமரா பார்க்காத பக்கத்தில் தொங்கவிடலாம். தகரக் கூரையோ வெயில் ஏறும்போதும் மேகம் மறைக்கும்போதும் 'டக், டக்' என்று முறியும். நனைத்த சாக்கை விரித்துப் பார்த்திருக்கிறோம். கொஞ்ச நேரம் அடங்கும். எந்த வீடாயினும், காட்சி முடிந்ததும் ஒருவரும் அசையாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் மௌனத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும்போது இரண்டு வசனத்துக்கு இடையில் விழும் ஓட்டையை அதே அறையின் மௌனத்தால்தான் அடைக்கலாம்.

உடுப்புக்குள் ஒளிக்கும் சின்ன மைக்கை நான் பூமுக்கு அடுத்ததாகத்தான் வைப்பேன். பருத்திச் சேலைக்குள் அது பேசாமல் இருக்கும், பொலியெஸ்டருக்குள் ஒவ்வொரு மூச்சுக்கும் உரசும், தாலிக்கொடி இருந்தால் கிலுங்கும். மேற்சட்டை இல்லாத கமக்காரருக்குத் தோளில் கிடக்கும் துவாய் மடிப்பு நல்ல இடம். அந்த மைக்கின் ஒலியைக் கம்பியில்லாமல் அனுப்பும், சாரத்துக்குள் செருகும் பெட்டியை வியர்வையிலிருந்து காப்பாற்ற, மசகு பூசாத ஆணுறைக்குள் போடுவது இத்தொழிலில் உலகெங்கும் உள்ள வழக்கம். எல்லோரும் எல்லோரையும் தெரிந்த சிறு பட்டினத்தில், பாமசியில் அதை ஆறு பெட்டி கேட்டு வாங்குவது எப்படி இருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

ரெக்கோடரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், பேச்சு ரெக்கோடர் காட்டும் அளவில் −20 டெசிபலை ஒட்டி, ஹெட்போன் எப்போதும் காதில். இப்போது வந்திருக்கும் 32 பிட் புளோட் பதிவு, அலறினாலும் உடையாது, முணுமுணுத்தாலும் பிறகு உயர்த்தலாம் என்பது உண்மை. ஆனால் குரலை உயர்த்தும்போது மிசினும் சேர்ந்து உயரும். மைக்கே தாங்காமல் உடைந்த ஒலியை அதுவும் ஒட்டித்தராது. ஒன்றுமே இல்லாதவர்கள், நடிகரின் சட்டைப்பைக்குள் ஒரு கைத்தொலைபேசியைப் பதிவில் போட்டு வையுங்கள். 12 அடியில் நிற்கும் விலையான மைக்கை அது பல இடங்களில் தோற்கடிக்கும். காட்சித் தொடக்கத்தில் கமராவுக்குத் தெரியக் கை தட்டினால் பின்னர் பொருத்திக்கொள்ளலாம். தட்டும்போது மைக்குக்குக் கிட்ட நின்று தட்டுங்கள். தள்ளி நின்றால் தட்டிய சத்தம் படத்துக்குப் பிந்திவிடும்: செக்கனுக்கு 25 பிரேம் கணக்கில் ஒரு பிரேம் 40 மில்லிசெக்கன். அந்த நேரத்துக்குள் ஒலி 14 மீற்றர்தான் ஓடும்.

"பிறகு டப்பிங் செய்துகொள்ளலாம்" என்பதைத் தமிழகச் சினிமாவிலிருந்து எடுத்துக்கொண்டோம். அங்கே அதற்கென்று தேர்ந்த நடிகர்களும் கூடங்களும் உண்டு. போலந்தில் பிறந்த பொறியியலாளர் ஸ்ரெபான் குடெல்ஸ்கி 1951இல் நாக்ரா என்ற சுமந்து செல்லும் ரேப் ரெக்கோடரைச் செய்த பிறகு இடத்திலேயே ஒலி எடுப்பது உலகில் இலகுவாயிற்று. 'நாக்ரா' என்றால் போலந்து மொழியில் 'பதிவு செய்யும்' என்று பொருள். எங்கள் படங்களில் நடிப்பவர்களோ அயல்வீட்டு அம்மாக்களும் மீன்பிடிக்கும் ஐயாமாரும். வாசற்படியில் இருந்து சொன்ன வசனத்தை, யாழ்ப்பாணத்தில் கண்ணாடி அறையொன்றுக்குள் ஹெட்போன் மாட்டி, உதட்டைப் பார்த்துத் திரும்பச் சொல்லுங்கள் என்றால், அந்த அம்மா செய்தி வாசிப்பது போலத்தான் வாசிப்பார். சொல்லுக்கு முன் அவர் எடுத்த மூச்சு அந்த அறைக்குள் வராது.

ட்ரோன் பறக்கும்போது நான் பதிவை நிறுத்திவிடுகிறேன். ஒலிக்காக மட்டும் அல்ல. புதுக்குடியிருப்புப் பக்கம் ஒருமுறை ட்ரோன் எழும்பியதும், பேசிக்கொண்டிருந்த ஓர் அம்மா வசனத்தை விட்டுவிட்டு முற்றத்தில் நின்ற பேரப்பிள்ளையை உள்ளே கூப்பிட்டார். போர்க்காலத்தில் வேவு விமானத்தை 'வண்டு' என்று சொன்ன ஊர் இது. ட்ரோன் விடுவதென்றால் வீட்டுக்காரருக்கு முதலே சொல்லிவிட்டு, பேச்செல்லாம் முடிந்த பிறகு விடுங்கள்.

அந்தத் தம்பியோடு மறுபடியும் இரணைமடு வீட்டுக்குப் போனேன். மிசின்காரர் ஐந்து மணிக்கு நிறுத்தித் தந்தார். கமரா கொண்டு போகவில்லை. "இண்டைக்குப் படம் பிடிக்கேல்லையே தம்பி?" என்று அந்த அம்மா கேட்டுவிட்டு, அதே படியில் இருந்து, மூங்கில் தடிக்குக் கீழே, பதினொரு வசனத்தையும் சொன்னார். ஏழு உதட்டோடு பொருந்தின. மீதி நான்கையும் அவர் முகம் திரும்பியிருக்கும் ஷொட்டுகளின் மேல் தம்பி போட்டுக்கொண்டார்.

மூங்கில் தடி, இலாஸ்ரிக் வளையம், கரடித்தோல் உறை மூன்றும் என் வீட்டில் சும்மாதான் கிடக்கின்றன. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ படம் எடுப்பவர்கள் உள்பெட்டியில் ஒரு செய்தி போட்டுவிட்டு வந்து எடுத்துப் போகலாம், வாடகை வேண்டாம். மழையில் நனைந்தால் உறையை மட்டும் நிழலில் காயவைத்து, மயிரைச் சீவிக் கொண்டுவந்து தாருங்கள்.