பனியை யாரிடம் போய்ச் சொல்வது?

கனடா குடியுரிமைத் தேர்வில் 20 கேள்விகள். 15 சரியாக இருந்தால் தேர்ச்சி. வடகோடிப் பிரதேசமான நுனாவுட்டின் தலைநகர் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இகாலுயிட் என்று சொல்லுமளவுக்குப் படித்தேன். ஆனால் டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் என் வீட்டு வாசலை மறித்து, பனி அள்ளும் வண்டி ஒதுக்கிவிட்டுப் போன இடுப்புயர மேட்டுக்கு யாரிடம் முறையிடுவது என்று தெரியவில்லை.

சென்னைப் புத்தி. எழுதுவதை மேலிடத்துக்கே எழுதுவோம் என்று எம்.பி. அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். "இது மாநகராட்சி விஷயம்" என்று மரியாதையாகப் பதில் வந்தது. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஐயாவிடம் சொன்னால் சிரிக்கிறார். "தம்பி, பாஸ்போட் எண்டால் எம்.பி. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எண்டால் எம்.பி.பி. குப்பை, ஸ்னோ எல்லாம் கவுன்சிலர். முதல்ல 311க்கு கோல் எடும்." எம்.பி.பி. என்றால் மாகாணச் சட்டமன்ற உறுப்பினர், நம்மூர் எம்.எல்.ஏ. மாதிரி. 311 மாநகராட்சியின் உதவி எண். கையில் மண்வெட்டியோடு நின்றபடியே பாடம் முடிந்துவிட்டது.

அப்புறம்தான் தோண்டத் தொடங்கினேன். இங்கே தொகுதிக்கு 'ரைடிங்' என்று பெயர். குதிரைச் சவாரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்றில் ஒரு பங்கு என்று பொருள்படும் பழைய சொல்லாம். நுனாவுட் முழுவதும் ஒரே ரைடிங். தமிழ்நாட்டைப்போல 16 மடங்கு பரப்புக்கு ஒற்றை எம்.பி. குட்டியூண்டு பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்கோ 4 பேர். எந்த மாகாணத்துக்கும் மேலவை உறுப்பினர்களான செனட்டர்களைவிட எம்.பி.க்கள் குறையக்கூடாது என்று 1915இல் எழுதிவைத்த விதி.

இதெல்லாம் சுவாரசியம், சரி. எனக்கு ஆறாதது 2018இல் நடந்தது. வேட்பாளர்கள் வாசல் வாசலாக ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஒன்டாரியோ மாகாண அரசு டொரன்டோவின் 47 வார்டுகளை 25 ஆக்கியது. ஸ்கார்பரோவின் 10 வார்டு 6 ஆனது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2021இல் 5க்கு 4 என்று அரசுக்கே சாதகமாக முடிந்தது. 1867 அரசியலமைப்புச் சட்டப்படி நகராட்சிகள் மாகாணத்தின் கைக்குள்தான். 2021 கணக்கெடுப்பில் டொரன்டோவுக்கு 28 லட்சம் ஜனம். ஐயா கைகாட்டிய கவுன்சிலரின் தலையில் இன்று லட்சம் பேருக்கு மேல். தேர்வுக்குக் கேட்க வேண்டியது இதைத்தான், தலைநகரங்களை அல்ல.

ரொம்பவும் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. சென்னை மாநகராட்சியில் 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம்வரை ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. அதில் பாதிக்காலம் நான் அங்கேதான் இருந்தேன். அங்கே என் வார்டு எண் என்ன என்று இன்றுவரை தெரியாது. இங்கே 23.